காப்புரிமை முடிந்த மரபணு மாற்ற விதையைக் கையாள்வது எப்படி?

மரபணு மாற்றப் பயிர் ஒன்றின் காப்புரிமை முடிந்துவிட்டால், அந்த மரபணுவுக்காக மூட்டைக்கு மூட்டை கட்டிவந்த ராயல்டி நின்றுபோகிறது. நல்ல செய்திதான். ஆனால் ராயல்டி வாங்கிய நிறுவனம் அதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த சில வேலைகளும் அதோடு நின்றுபோகலாம்: தானியம் வாங்கும் நாடுகளில் அனுமதியைப் புதுப்பிப்பது, விதையின் தூய்மையைச் சோதிப்பது, பூச்சி எதிர்ப்புத்திறன் பெறுகிறதா என்று கண்காணிப்பது, எங்காவது கலந்துபோனால் வந்து பதில் சொல்வது. வீட்டுக் கடன் அடைந்துவிட்டது என்பதற்காக வீட்டு வரி நிற்பதில்லை அல்லவா, இதுவும் அப்படித்தான், என்ன, இங்கே வரி கட்டும் ஆள் மாறிவிடுகிறார். பெரும்பாலும் அந்த ஆள், விதையை இப்போது கையில் வைத்திருக்கும் நீங்கள். விதை எடுத்து வைக்க நினைக்கும் விவசாயியோ, சிறிய விதை உற்பத்தியாளரோ, உழவர் குழுவோ, பல்கலைக்கழகத்தில் ரகம் உருவாக்குபவரோ, யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த விதைக்கு இனி பொறுப்பு யார்?

அதற்குப் பதில் தெரியாமல் ஒரு விதையைக்கூடப் பெருக்காதீர்கள்.

முதலில், எது முடிந்தது என்று பாருங்கள்

காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள். ஆனால் ஒரு மூட்டை விதையில் ஒரே ஒரு காப்புரிமைதான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மரபணுவுக்கு ஒன்று, அதை இயக்கும் ஊக்கிக்கு ஒன்று, செலுத்திய முறைக்கு ஒன்று, அந்த மரபணு பயிரின் குரோமோசோமில் போய் அமர்ந்த குறிப்பிட்ட இடத்துக்கு (இதைத்தான் ஈவென்ட் என்கிறார்கள்) ஒன்று, பிறகு அந்த ரகத்துக்கே தனியாக ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போகும். இரண்டு மூன்று ஈவென்ட்களை ஒரே செடியில் சேர்த்த விதை என்றால், அதில் ஒன்றுக்கு முடிந்து மற்றதற்கு முடியாமல் இருப்பது மிகச் சாதாரணம். கடைசிக் காப்புரிமை முடியும் வரை அந்த மூட்டை பூட்டிய மூட்டைதான்.

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்தியாவில் 2002ல் அனுமதி பெற்ற முதல் பி.டி. பருத்தி (புழுவைக் கொல்லும் நச்சைத் தானே செய்துகொள்ளும் பருத்தி) ஈவென்டுக்கு அந்த நாட்டில் காப்புரிமையே எடுக்கப்படவில்லை. அடுத்து வந்த இரட்டை மரபணுப் பருத்திக்கு எடுத்தார்கள், அது 2019ல் முடிந்தது. அமெரிக்காவில் முடிந்த ஒன்று வேறொரு நாட்டில் உயிரோடு இருக்கலாம், இல்லவே இல்லாமலும் இருக்கலாம். எஸ்பாசெநெட், பேட்டன்ட்ஸ்கோப் போன்ற இலவசத் தளங்களில் தேடிப் பார்க்கலாம், ஆனால் விற்பனைக்காகப் பெருக்குவதாக இருந்தால் காப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் சோயாபீன்ஸ். கிளைபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் முதல் தலைமுறை சோயா, 40-3-2 என்ற ஈவென்ட், 1996ல் வயலுக்கு வந்தது, அமெரிக்காவில் அதன் காப்புரிமை முடிந்து 2015 பருவத்திலிருந்து விதை எடுத்து வைக்க வழி பிறந்தது. அதற்கு முன்னால் அதே வேலையைச் செய்த இண்டியானா விவசாயி பவ்மன், தானியக் கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்ததற்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 2013ல் தோற்றார்; விதையை வாங்கினால் பயன்படுத்தும் உரிமைதான் வரும், நகலெடுத்துப் பெருக்கும் உரிமை வராது என்பது தீர்ப்பின் சாரம். காப்புரிமை முடியப்போகும் நேரத்தில் ஆர்கன்சா பல்கலைக்கழகம் யுஏ 5414ஆர்ஆர் என்ற ரகத்தை வெளியிட்டு, விவசாயிகள் தாராளமாக விதை எடுத்து வைக்கலாம் என்றது. சரி, ஆனால் அதற்குள் இரண்டாம் தலைமுறை சோயா வந்துவிட்டது: எம்ஓஎன் 89788. அதே மரபணு, அதே புரதம், வேறு இடம், வேறு காப்புரிமை. பார்வைக்கும் களைக்கொல்லிக்கும் இரண்டும் ஒன்றுதான். 'கிளைபோசேட் அடித்தேன், சாகவில்லை, ஆகவே இது பழைய விதை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காப்புரிமைக்கு வெளியே இன்னும் மூன்று கயிறுகள் இருக்கின்றன. ரகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று: பல நாடுகளில் ரகத்துக்கு 15 முதல் 25 ஆண்டுகள் வரை தனிப் பாதுகாப்பு உண்டு. சொந்த நிலத்துக்கு விதை எடுத்து வைக்க அநேகமாக இடம் கொடுப்பார்கள், விற்பதற்குக் கொடுக்க மாட்டார்கள். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளம், வணிகப் பெயரிட்டு விற்காத வரை விவசாயிகள் தங்களுக்குள் விற்கவும் பரிமாறவும் விடுகிறது. அடுத்தது ஒப்பந்தம். விதை வாங்கும்போது எதில் கையெழுத்துப் போட்டீர்கள், மூட்டையைப் பிரித்தாலே ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று எதையாவது அச்சிட்டிருந்தார்களா என்று எடுத்துப் படியுங்கள். மூன்றாவது வணிகப் பெயர். மரபணு பொதுவுடைமை ஆனாலும் பெயர் ஆகாது. பழைய பிராண்டின் பெயரை உங்கள் மூட்டையில் அச்சடித்தால் வழக்கு வேறு வடிவத்தில் வரும்.

அனுமதி என்பது வேறு கதை

காப்புரிமை முடிந்ததும் அனுமதி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஒரு நாட்டில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படாத ஈவென்ட், காப்புரிமை செத்து எத்தனை ஆண்டு ஆனாலும் அங்கே சட்டவிரோதம்தான். அதைத் தெரிந்தே விதைப்பது, விற்பது, 'சும்மா சோதனைக்கு' என்று நாலு வரிசை போடுவது எல்லாமே ஒன்றுதான்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு, அதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. இன்று இருக்கும் அனுமதி நாளை இல்லாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஈவென்டை உணவு, தீவன இறக்குமதிக்கு அனுமதித்தால் அது 10 ஆண்டுகளுக்கு. பிறகு யாராவது விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்த 'யாராவது' இத்தனை நாள் காப்புரிமைதாரர். காசு வராத ஒரு பழைய ஈவென்டுக்காக அவர் ஏன் கோப்பு தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும்? 40-3-2 விஷயத்தில் அதை உருவாக்கிய மான்சான்டோ நிறுவனம் 2021 வரை வெளிநாட்டு அனுமதிகளைப் பார்த்துக்கொள்வதாக முன்பே அறிவித்தது. எல்லா ஈவென்டுக்கும் அப்படி ஒரு தேதி அறிவிக்கப்படும் என்று சொல்ல முடியாது.

அனுமதி இல்லாத தானியம் கப்பலில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் தேட வேண்டியதில்லை. 2013ல் சீனா, தான் இன்னும் அனுமதிக்காத எம்ஐஆர்162 என்ற மக்காச்சோள ஈவென்ட் கலந்திருந்ததாகச் சொல்லி அமெரிக்கச் சரக்குகளைத் திருப்பி அனுப்பியது, அதன் பின்னால் நடந்த வழக்குகளில் விதை நிறுவனம் சுமார் 150 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. 2006ல் எல்எல்601 என்ற நெல் ஈவென்டின் சுவடு அமெரிக்க அரிசியில் தெரிந்து ஏற்றுமதி ஆட்டம் கண்டது, அதற்கு 75 கோடி டாலர். அவையெல்லாம் பெரிய நிறுவனங்கள், கொடுத்தார்கள். உங்கள் உழவர் குழு எங்கிருந்து கொடுக்கும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. உங்கள் ஈவென்டின் சர்வதேச அடையாளக் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள், 40-3-2க்கு எம்ஓஎன்-04032-6 என்பது போல ஒன்பது எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. கார்ட்டஜீனா உயிரிப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் இயங்கும் தகவல் தளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டால் எந்த நாடு எதற்கு அனுமதித்திருக்கிறது, உணவுக்கா, தீவனத்துக்கா, சாகுபடிக்கா என்று வரும். மூன்றும் வெவ்வேறு. 2000ஆம் ஆண்டு ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்றிருந்தது, அது மனிதர் சாப்பிடும் பண்டங்களில் கிடைத்ததும் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்ப எடுத்தார்கள். நாடுகளின் பட்டியல் கிடைத்ததும் உங்கள் தானியம் போகும் சந்தைகளை அதோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு அனுமதியும் எந்தத் தேதியில் முடிகிறது, புதுப்பிக்க யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று எழுதி வைத்து, ஒவ்வொரு விதைப்புக்கு முன்னாலும் மறுபடி பாருங்கள். உள்ளூரிலேயே விற்கிறேன், எனக்கு எதற்கு என்று சொல்ல வேண்டாம். தானிய வியாபாரி யாருக்கு விற்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இந்தக் கைமாற்றத்துக்கு என்றே ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். காப்புரிமை முடிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே நிறுவனம் அறிவிக்க வேண்டும், அனுமதிப் பொறுப்பைத் தானே தொடர்வதா, பகிர்ந்துகொள்வதா, கைவிடுவதா என்று சொல்ல வேண்டும். யோசனை நல்லது, ஆனால் கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். உங்கள் ஈவென்டின் உரிமையாளருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் 'பிரச்சினை இல்லை சார்' என்று சொன்னது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

எந்த விதையை எடுத்து வைக்கலாம்

இது காப்புரிமையைவிடப் பயிரின் இயல்பைப் பொறுத்தது. சோயா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அயல் கலப்பு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே. நல்ல தூய ரகம் என்றால் விதை எடுத்து வைத்து விதைக்கலாம், அடுத்த ஆண்டும் அதே செடிதான் வரும். வீரிய ஒட்டு ரகங்களில், அது மக்காச்சோளமோ ஒட்டுப் பருத்தியோ, இந்த வேலை வேண்டவே வேண்டாம். விளைச்சல் குறையும் என்ற பழைய காரணம் ஒருபுறம் இருக்கட்டும், பி.டி. பயிரில் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது.

ஒட்டுச் செடியில் பி.டி. மரபணு பெரும்பாலும் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருக்கும். அதன் விதையை விதைத்தால் நாலில் ஒரு செடிக்கு மரபணுவே இருக்காது. இரண்டு நச்சு மரபணுக்கள் தனித்தனி இடங்களில் இருக்கும் ஒட்டு என்றால் கணக்கு இன்னும் மோசம்: 16 செடியில் 9ல் இரண்டும் இருக்கும், 3ல் முதலாவது மட்டும், 3ல் இரண்டாவது மட்டும், ஒன்றில் எதுவும் இல்லை. இரண்டு நச்சு வைத்ததே ஒன்றைத் தாங்கும் புழுவை மற்றொன்று கொல்லட்டும் என்பதற்காக. இப்போது ஒற்றை நச்சுச் செடிகளை வயலெங்கும் தூவிவிட்டு, புழுவுக்கு ஒவ்வொரு நச்சாகப் பழகிக்கொள்ள வசதி செய்து கொடுக்கிறோம். காப்புரிமை முடிந்த பின் மலிவாகக் கிடைக்கும் 'இரண்டாம் தலைமுறை' பருத்தி விதையை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். விலை குறைவு என்பது வாங்கும் அன்றைக்கு மட்டும்.

பி.டி. இல்லாத விதையைக் கலந்தே நிரப்பிய மூட்டைகளிலும் இதே தலைவலி. அதில் 5 அல்லது 10 சதவீதம் வேண்டுமென்றே போட்டது (ஏன் என்பது எதிர்ப்புத்திறன் பற்றிப் பேசும்போது வரும்). அந்த வயலில் எடுத்த விதையில் அந்த விகிதம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, மக்காச்சோளம் என்றால் மகரந்தம் பறந்து எல்லாமே குழம்பியிருக்கும்.

சோதிப்பது

விதை வாங்கும்போது ஒருமுறை, அறுத்து வந்த பின் ஒருமுறை. இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: வேண்டிய மரபணு எல்லா விதையிலும் இருக்கிறதா? வேண்டாத மரபணு எதிலாவது இருக்கிறதா?

முதல் கேள்விக்குக் கையிலேயே வழி உண்டு. களைக்கொல்லி தாங்கும் ரகம் என்றால், நீர்த்த களைக்கொல்லிக் கரைசலில் நனைத்த தாளில் விதையை முளைக்க வையுங்கள், தாங்காத நாற்றின் வேர் குட்டையாகி நின்றுவிடும். பக்கத்திலேயே தாங்கும் என்று உறுதியாகத் தெரிந்த விதை கொஞ்சம், தாங்காத சாதா விதை கொஞ்சம் வைத்தால்தான் முடிவை நம்பலாம். கரைசல் அளவு தவறினால் நல்ல விதையும் சாகும், கெட்டதும் பிழைக்கும். கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரியான புரதச் சோதனைப் பட்டைகளும் கிடைக்கின்றன, விதையையோ இலையையோ நசுக்கிக் கரைத்து நனைத்தால் சில நிமிடங்களில் கோடு தெரியும். ஆனால் பட்டை பார்ப்பது புரதத்தை. 40-3-2, 89788 இரண்டும் ஒரே புரதத்தைச் செய்வதால் பட்டைக்கு இரண்டும் ஒன்றுதான். பழையதா புதியதா என்று பிரித்துச் சொல்ல ஈவென்டுக்கு என்றே வடிவமைத்த பிசிஆர் சோதனை (புரதத்தை அல்ல, டிஎன்ஏவையே பார்ப்பது) வேண்டும், அதற்கு ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். விதைக்காகப் பெருக்குவதற்கு முன் இந்த ஒரு சோதனைக்காவது காசு செலவழித்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு எத்தனை விதை பார்க்கிறோம் என்பதே எல்லாம். 300 விதையைப் பார்த்து ஒன்றுகூடக் கலப்பு இல்லை என்றால், குவியலில் கலப்பு ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 0.1 சதவீதத்துக்குள் என்று சொல்ல வேண்டுமானால் 3,000 விதை. கையில் ஒரு பிடி அள்ளி, பத்து விதையைச் சோதித்து 'சுத்தம்' என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். மாதிரியையும் மேலிருந்து மட்டும் அள்ளக் கூடாது, குவியலின் பல இடங்களிலிருந்து, பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்து அதிலிருந்து பிரிக்க வேண்டும். அதில் ஒரு பங்கை முத்திரையிட்டு, தேதியும் குவியல் எண்ணும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது கலப்படம் என்று வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தச் சிறிய பை.

முளைப்புத்திறன் சோதனையெல்லாம் சாதா விதைக்குச் செய்வதுதான், நூறு நூறாக நாலு தொகுதி. சோயா விதை சேமிப்பில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் ஈரப்பதத்தில் கறாராக இருங்கள். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு.

வயலில்

விதைக்காகப் பயிரிடும் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் இடையே பயிர் விலகு தூரம் விட வேண்டும், அது பயிருக்குப் பயிர் மாறும். சோயாவுக்குச் சில மீட்டர் போதும், காற்றில் மகரந்தம் பரப்பும் மக்காச்சோளத்துக்கு 200 மீட்டர் அளவில் தேவைப்படும், பருத்தியும் கனோலாவும் (எண்ணெய்க்காக வளர்க்கும் கடுகு இனப் பயிர்) தேனீயை நம்பி நடுவில் எங்கோ நிற்கின்றன. பக்கத்து நிலத்துக்காரர் இயற்கை வேளாண்மை செய்பவர் என்றாலோ மரபணு மாற்றமில்லாத தானியம் என்று ஒப்பந்தம் போட்டு விற்பவர் என்றாலோ விதைப்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் 0.9 சதவீதத்துக்கு மேல் கலந்தால் அட்டையில் எழுதியாக வேண்டும். அவருக்கு அது வாழ்வாதாரம். பூக்கும் நாட்கள் ஒன்றாக விழாதபடி இருவரும் பேசி விதைப்பைத் தள்ளிப் போட்டுக்கொள்வதுதான் இருப்பதிலேயே மலிவான வழி.

கலவன் அகற்றும்போது, அதாவது ரகத்துக்குப் பொருந்தாத செடிகளைப் பிடுங்கும்போது, உயரம், பூ நிறம் மட்டும் பார்த்தால் போதாது, மரபணு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அறுவடைக்கு முன் இலை மாதிரி எடுத்துப் பட்டையில் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் இயந்திரங்கள். உண்மையில் கலப்பின் பெரும்பகுதி தேனீயால் வருவதில்லை, அறுவடை இயந்திரத்தின் மூலைகளிலும் விதைப்புக் கருவியின் பெட்டியிலும் சாக்கின் மடிப்பிலும் தங்கிய விதைதான் காரணம். காற்றடித்துத் துடைத்த பிறகும், முதலில் விழும் இரண்டு மூன்று மூட்டையை விதைக்கு எடுக்காமல் தானியமாகத் தள்ளிவிடுங்கள்.

இனி எதிர்ப்புத்திறன். நிறுவனத்தின் ஆள் வந்து 'பி.டி. அல்லாத வரிசை போட்டீர்களா' என்று கேட்ட காலம் போனது, இனி யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் புழுவுக்குக் காப்புரிமை முடிந்த தேதி தெரியாது. பி.டி. அல்லாத பயிர் வயலோரமாக இருந்தால் அதில் நச்சைச் சந்திக்காத அந்துப்பூச்சிகள் வளரும், பி.டி. வயலில் தப்பிய ஒன்றிரண்டு எதிர்ப்புப் பூச்சிகள் அவற்றோடு இணையும், குஞ்சுகளில் பெரும்பாலானவை மறுபடி நச்சில் சாகும். இதை ஒழுங்காகக் கடைப்பிடித்த அரிசோனாவில் இளஞ்சிவப்பு காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெறாமல் கட்டுக்குள் இருந்தது, பிறகு மலட்டுப் பூச்சிகளையும் விட்டு, 2018ல் அமெரிக்கப் பருத்திப் பகுதிகளிலிருந்தே அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். இந்தியாவில் அந்த வரிசைகள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தன. 2010 வாக்கில் முதல் தலைமுறைப் பருத்தியில் அதே புழு உட்கார்ந்து தின்றது, அடுத்த சில ஆண்டுகளில் இரட்டை மரபணுவையும் தாண்டிவிட்டது. அதே மரபணு, அதே புழு.

எவ்வளவு விட வேண்டும் என்பது உங்கள் நாட்டு விதியையும் எத்தனை நச்சு இருக்கிறது என்பதையும் பொறுத்தது, ஒற்றை நச்சுக்கு 20 சதவீதம் என்பது பரவலான அளவு. இதில் காப்புரிமைக்குப் பிந்தைய சிக்கல் ஒன்று: அந்த வரிசைக்கு விதை யார் தருவார்? முன்பு மூட்டையோடு சேர்ந்து வந்தது. இப்போது நீங்களே ஒரு சாதா ரகத்தை, அதே நாளில் பூத்துக் காய்க்கும் ரகமாகப் பார்த்து, தனியாகப் பெருக்கி, அதில் பி.டி. கலந்திருக்கவில்லை என்று சோதித்தும் வைக்க வேண்டும். உங்கள் விதையை வாங்குபவருக்கும் இதைச் சேர்த்தே கொடுங்கள், தனியாக விற்றால் வாங்கமாட்டார்கள்.

களைக்கொல்லி தாங்கும் பயிருக்கும் இதே தர்க்கம்தான். ஜார்ஜியா பருத்தி வயல்களில் 2005ல் கிளைபோசேட்டுக்கு அடங்காத பால்மர் கீரைக் களை உறுதியானது, ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும் சாதி. ஆண்டுதோறும் ஒரே மருந்து அடிக்காதீர்கள், வேறு வகையில் வேலை செய்யும் மருந்தோடு மாற்றியோ சேர்த்தோ அடியுங்கள், அடித்த பின்னும் நிமிர்ந்து நிற்கும் களையைப் பூக்கும் முன் கையால் பிடுங்கிவிடுங்கள். பயிர் தாங்குகிறது என்பதற்காக அந்த மருந்தை அந்தப் பயிரில் அடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று அர்த்தமில்லை, டப்பாவின் அட்டையைப் படியுங்கள். கனோலா போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 1990களின் கடைசியில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பக்கத்துப் பக்கத்து வயல்களில் வெவ்வேறு மருந்தைத் தாங்கும் கனோலா போட்டதில் மகரந்தம் கலந்து, மூன்று மருந்தையும் தாங்கும் செடிகள் தானாக முளைத்தன.

விற்கிறீர்கள், கொடுக்கிறீர்கள் என்றால்

மூட்டை மேல் ஈவென்டின் குறியீடு, குவியல் எண், விளைந்த ஆண்டு, சோதனை முடிவு இவை இருக்க வேண்டும். 'நல்ல விதை' என்று கையால் எழுதிய துண்டுச்சீட்டு போதாது. உங்கள் நாட்டு விதைச் சட்டப்படி உரிமமும் வேண்டியிருக்கலாம். மரபணு மாற்றம் என்பதை மறைத்துக் கொடுப்பது, நண்பருக்கு இலவசமாகவே கொடுத்தாலும், தப்பு. அவர் அதை எந்தச் சந்தைக்குக் கொண்டுபோவார் என்று தெரியாமல் அவர் தலையில் கட்டுகிறோம். யாருக்கு எந்தக் குவியலிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் இருந்தால், நாளை ஏதாவது தப்பு தெரிந்தால் இரண்டு நாளில் எல்லோரையும் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் ஊர் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

நிறுத்தும்போது

ஒருநாள் இந்த ஈவென்டை விட்டுவிட வேண்டியிருக்கும், ஏதோ ஒரு பெரிய சந்தையில் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை என்றோ புழு ஜெயித்துவிட்டது என்றோ காரணம் வரும். சும்மா விதைப்பதை நிறுத்தினால் நின்றுவிடாது. கனடாவின் டிரிஃபிட் என்ற மரபணு மாற்ற ஆளி விதை இதற்குப் பாடம்: ஐரோப்பியச் சந்தை போய்விடும் என்ற பயத்தில் 2001ல் பதிவே நீக்கப்பட்டது, எல்லோரும் மறந்தார்கள், 2009ல் ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் அதன் சுவடு கிடைத்து, கனடாவின் ஆளி ஏற்றுமதி சரிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து!

அதனால் நிறுத்துவதற்கும் ஒரு திட்டம் போடுங்கள். அனுமதி முடியும் தேதிக்கு முன்னால் கடைசி அறுவடையின் தானியம் கிடங்கு, ஆலை, கப்பல் எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கடைசி விதைப்பு எது என்று முடிவு செய்யுங்கள். விதை கொடுத்த எல்லோருக்கும் ஒரு பருவம் முன்னதாகவே சொல்லி மிச்சத்தைத் திரும்ப வாங்குங்கள், காசு கொடுத்தாவது. திரும்பி வந்ததை, அனுமதி இருக்கும்போதே எண்ணெய் ஆலைக்கோ தீவனத்துக்கோ அனுப்பி அரைக்கவிடுங்கள். பூச்சிமருந்து தடவிய விதையைத் தீவனத்துக்கு அனுப்பவே கூடாது, அதை அழிக்கத்தான் வேண்டும். அந்த வயல்களில் அடுத்து வேறு இனப் பயிர் போட்டு, தானாக முளைப்பவற்றைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், கனோலா என்றால் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். உங்களிடம் மிஞ்சும் மற்ற ரகங்களின் மூல விதையை, வல்லுநர் விதையோ ஆதார விதையோ, அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் இந்த ஈவென்டுக்காகப் பிசிஆர் செய்து பாருங்கள். எத்தனை கிலோ, எந்தத் தேதியில், எந்த ஆலையில் அரைத்தீர்கள், வாங்கிக்கொண்டவர் யார் என்பதற்குக் கையெழுத்தோடு ரசீது வாங்கி, முத்திரையிட்ட மாதிரிப் பையோடு சேர்த்து அதே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.